பனி மட்டுமா ஜேன் பர்னை மேயராக்கியது?

கேட்கப்பட்ட கேள்வி இது: "சிகாகோ நகரின் முதல் பெண் மேயர் ஜேன் பர்ன், பனிப்புயல் அடித்த அதிர்ஷ்டத்தில் ஜெயித்தவர் என்கிறார்கள். அது சரியா? அவர் யார், எப்படி மேலே வந்தார், ஏன் ஒரே தவணையோடு பதவி போனது?"

பனி அவருக்கு உதவியது, அதை மறுக்க முடியாது. ஆனால் பனி எல்லார் வீட்டு வாசலிலும்தான் விழுந்தது. ஓட்டு மட்டும் எல்லாப் பகுதியிலும் ஒரே மாதிரி விழவில்லை. 1979 ஜனவரியில், தங்கள் ஸ்டேஷனில் ரயில் நிற்காமல் போனதைப் பார்த்தபடி பிளாட்பாரத்தில் விறைத்து நின்ற கருப்பின மக்கள் இருந்தார்களே, அவர்கள்தான் ஜேன் பர்னைத் தூக்கிவிட்டவர்கள். நான்கு வருடம் கழித்து அவரைக் கைவிட்டதும் அவர்களேதான். அவர் அரசியல் வாழ்க்கையில் நான் முக்கியமாகப் பார்ப்பது இதைத்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம் தெளிவாக வேண்டும். சிகாகோ மேயர் என்றால் நம் ஊர் மேயர் மாதிரி நினைத்துவிடக்கூடாது. சென்னையில் கவுன்சிலர்கள் கூடி மேயரைத் தேர்ந்தெடுக்கிறார்கள், அன்றாட நிர்வாகம் கமிஷனர் கையில் இருக்கிறது. சிகாகோவில் மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். போலீஸ் தலைமை அதிகாரி, தீயணைப்புத் துறைத் தலைவர், வீட்டுவசதி வாரிய உறுப்பினர்கள், அந்தக் காலத்தில் பள்ளி வாரிய உறுப்பினர்கள் என்று எல்லா நியமனமும் அவர் கையில். ஐம்பது வார்டு, ஐம்பது ஆல்டர்மேன்கள், அதாவது கவுன்சிலர்கள். 1931-க்குப் பிறகு அங்கே குடியரசுக் கட்சிக்காரர் யாரும் மேயரானதே இல்லை. ஆகவே அந்தக் காலத்தில் ஜனநாயகக் கட்சிக்குள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடந்த ஓட்டெடுப்புதான் உண்மையான தேர்தலாக இருந்தது. அதில் ஜெயித்தால் மேயர் நாற்காலி உறுதி.

அந்தக் கட்சியை அங்கே "மெஷின்" என்றுதான் சொல்வார்கள். தெருவுக்குத் தெரு கட்சிக்காரர் இருப்பார். குப்பை அள்ளவில்லை, தெருவிளக்கு எரியவில்லை, பையனுக்கு வேலை வேண்டும் என்றால் அவரிடம் போக வேண்டும். தேர்தல் நாளில் அவர் கேட்பார், நீங்கள் ஓட்டுப் போட வேண்டும். நகராட்சி வேலைகள் ஆயிரக்கணக்கில் கட்சி வழியாகத்தான் கிடைத்தன. 1955 முதல் 1976 டிசம்பர் 20-ஆம் தேதி இறக்கும்வரை அந்த மெஷினின் சாவி ரிச்சர்ட் ஜே. டேலி கையில் இருந்தது. மேயரும் அவரே, மாவட்டக் கட்சித் தலைவரும் அவரே. இருபத்தொரு வருடம்.

அந்த டேலி கைதூக்கிவிட்டவர்தான் ஜேன் பர்ன். மெஷினை எதிர்த்து வெளியிலிருந்து வந்த புரட்சிக்காரர் என்று சிலர் எழுதுகிறார்கள், அது சரியில்லை. அவர் உள்ளே வளர்ந்து, உள்ளேயிருந்து துரத்தப்பட்டவர்.

ஜேன் மார்கரெட் பர்க் என்ற பெயரில் 1933 மே 24-ஆம் தேதி சிகாகோவில் பிறந்தார். ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பம், அப்பா எஃகுக் கம்பெனியில் பெரிய பதவியில் இருந்தவர். நகரின் வட பகுதியில் வசதியான வீடு. கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளி, அப்புறம் பாரட் கல்லூரி. வேதியியல், உயிரியல் படித்து 1955-இல் பட்டம் வாங்கினார். அடுத்த வருடம் வில்லியம் பர்ன் என்ற கடற்படைப் பிரிவு விமானியைக் கல்யாணம் செய்துகொண்டார். 1957-இன் கடைசி நாளில் மகள் பிறந்தாள். 1959 மே 31 அன்று, சிகாகோவுக்கு வடக்கே உள்ள கிளென்வியூ விமானதளத்தில் மூடுபனிக்குள் இறங்க முயன்றபோது விமானம் விழுந்து கணவர் இறந்துபோனார். ஜேனுக்கு அப்போது இருபத்தாறு வயது, குழந்தைக்கு ஒன்றரை.

அந்தத் துக்கத்திலிருந்துதான் அரசியலுக்கு வந்தார். 1960-இல் ஜான் கென்னடி ஜனாதிபதித் தேர்தலில் நின்றபோது சிகாகோ பிரசார அலுவலகத்தில் சேர்ந்து உழைத்தார். கென்னடி ஆட்கள் வழியாக டேலியின் கண்ணில் பட்டார். டேலி அவரிடம், முதலில் உன் வார்டில் வேலை செய்து கற்றுக்கொள் என்று சொல்லியனுப்பினாராம். வீடு வீடாகப் போகும் வேலை. அதைச் செய்தார். அறுபதுகளின் நடுவில் நகரின் வறுமை ஒழிப்புத் திட்டத்தில் ஒரு வேலை கிடைத்தது. 1968-இல் டேலி அவரை நுகர்வோர் விற்பனை, எடை அளவுத் துறையின் கமிஷனராக்கினார். டேலியின் அமைச்சரவை போன்ற அந்த வட்டத்தில் ஒரே பெண் அவர்தான். எடை குறைத்து விற்கும் கடைக்காரர்களைப் பிடிப்பது, பொய் விளம்பரத்தைத் தடுப்பது என்று வேலையில் கடுமையாக இருந்தார். துறையில் வசூல் பண்ணிப் பழகியவர்களுக்கு அவரைப் பிடிக்கவில்லை. 1975-இல் கட்சியின் மாவட்டக் குழுவுக்கு இணைத்தலைவராகவும் அவரை டேலி உட்காரவைத்தார். பழைய வார்டுத் தலைவர்களுக்கு அது அடியோடு பிடிக்கவில்லை, ஆனால் டேலி உயிரோடு இருக்கும்வரை யாரும் வாய் திறக்கவில்லை.

டேலி இறந்த மறுநாளே ஒரு விஷயம் நடந்தது. ஜேன் பர்ன் கதையில் இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மாநகர சபையின் தற்காலிகத் தலைவராக இருந்தவர் வில்சன் ஃப்ராஸ்ட் என்ற கருப்பின ஆல்டர்மேன். விதிப்படி தற்காலிக மேயர் நான்தான் என்று அவர் சொன்னார். மேயர் அலுவலகத்துக்குப் போனால் கதவு பூட்டியிருந்தது, வாசலில் போலீஸ் நின்றது. சில நாள் பேரம் நடந்தது. முடிவில் ஃப்ராஸ்டுக்கு நிதிக்குழுத் தலைவர் பதவியைக் கொடுத்துவிட்டு, டேலியின் சொந்த வார்டுக்காரரான மைக்கேல் பிலாண்டிக்கை மேயராக்கினார்கள். 1977-இல் நடந்த இடைத்தேர்தலில் அவரே ஜெயித்தும் வந்தார். நகரத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பேர் கருப்பினத்தவர். அவர்கள் ஓட்டு மெஷினுக்கு வேண்டும், அவர்களில் ஒருவர் மேயர் அறைக்குள் நுழைவது வேண்டாம். அந்தப் பூட்டிய கதவை அந்த மக்கள் மறக்கவில்லை.

பிலாண்டிக் மோசமான மனிதர் இல்லை. வக்கீல், அமைதியானவர், மாரத்தான் ஓடுகிறவர். ஆனால் டேலிக்கு இருந்த பிடி அவருக்கு இல்லை. 1977-இல் டாக்சிக் கட்டணம் உயர்ந்தது. இதில் டாக்சிக் கம்பெனிகளுக்குச் சாதகமாகத் திரைமறைவில் வேலை நடந்திருக்கிறது, மேயரே வழியில் எண்ணெய் ஊற்றிக் கொடுத்திருக்கிறார் என்று ஜேன் பர்ன் குறிப்பெழுதி வைத்தார். அந்த விவகாரம் பத்திரிகைக்கு வந்தது. பிலாண்டிக் மறுத்தார். குற்றம் எதுவும் அவர்மேல் நிரூபணமாகவில்லை. நவம்பரில் ஜேனை வேலையை விட்டு நீக்கினார். கட்சியில் இருந்த பதவியும் போனது.

அடுத்த மார்ச்சில், செயின்ட் பேட்ரிக் தினத்தன்று, மாநகராட்சிச் செய்திகளை வருடக்கணக்கில் எழுதிவந்த பத்திரிகையாளர் ஜே மெக்முல்லனை மறுமணம் செய்துகொண்டார். மேயர் தேர்தலில் நிற்கப்போவதாக அறிவித்தார். யாரும் பொருட்படுத்தவில்லை. பணம் இல்லை, வார்டுத் தலைவர் ஒருவர்கூடப் பக்கத்தில் இல்லை. டான் ரோஸ் என்ற பழைய சமூகப் போராட்டக்காரர் பிரசாரத்தை எடுத்து நடத்தினார், அதுவே பெரிய ஆச்சரியம். மெஷினை ஆயுள் முழுக்க எதிர்த்தவர், டேலியின் சிஷ்யைக்கு வேலை செய்ய வந்தார். 1978 முடியும்போது பந்தயம் கட்ட ஆள் இல்லாத குதிரை அவர்.

சரி, இப்போது பனிக்கு வருவோம்.

அந்த வருடப் புத்தாண்டு இரவிலேயே பெரிய பனி விழுந்தது. அதை முழுதாக வாரி முடிப்பதற்குள் ஜனவரி 13, 14 தேதிகளில் அதன்மேல் இன்னும் ஒன்றரை அடிக்கு மேல் கொட்டியது. அந்தக் குளிர்காலம் முழுவதற்குமாக 89.7 அங்குலம், ஏழரை அடி. சிகாகோவின் பதிவேட்டில் இன்றும் அதுதான் அதிகம். நம் ஊரில் தொடர்ந்து ஒரு மாதம் வெள்ளம் வடியாமல் நின்றால் எப்படி இருக்குமோ அப்படி நினைத்துப் பாருங்கள். ஆனால் இந்தத் தண்ணீர் கல்லாகிவிட்டது. தெருவில் நிறுத்திய கார்கள் வாரக்கணக்கில் புதைந்து கிடந்தன. குப்பை வண்டி வரவில்லை. விமான நிலையம் மூடப்பட்டது.

மேயர் என்ன செய்தார்? தெருக்களைச் சுத்தம் செய்துகொண்டிருக்கிறோம் என்று தினமும் சொன்னார். பள்ளிகளின் வாகன நிறுத்துமிடங்களைச் சுத்தம் செய்துவிட்டோம், கார்களை அங்கே கொண்டுபோய் விடுங்கள் என்றார். கஷ்டப்பட்டுக் காரைத் தோண்டியெடுத்துக் கொண்டுபோனவர்கள் அங்கே இன்னும் பனி மலையாக இருப்பதைப் பார்த்தார்கள். டிவி நிருபர்களும் போய்ப் படம்பிடித்துக் காட்டினார்கள். முன்னாள் துணை மேயர் ஒருவருக்குப் பனி அகற்றும் திட்டம் எழுதித்தர ஏற்கெனவே பெரும் பணம் கொடுத்திருந்ததும் அப்போது வெளியே வந்தது. தன்னை விமர்சிப்பவர்களைப் பற்றிப் பேசும்போது பிலாண்டிக் கிறிஸ்துவின் சிலுவையேற்றத்தை எல்லாம் இழுத்தார். வாசலில் பனி கிடக்கும் மக்களிடம் பேசுகிற பேச்சா அது?

ஆனால் இவையெல்லாம் எல்லாருக்கும் பொதுவான கோபம். அந்த ரயில் விவகாரம் வேறு. ரயில்கள் திணறின, கூட்டம் தாங்கவில்லை. தூரத்திலிருந்து வருகிற பயணிகளை வேகமாக நகர் மையத்துக்குக் கொண்டுசேர்க்க, போக்குவரத்து நிர்வாகம் நடுவிலுள்ள சில ஸ்டேஷன்களில் நிறுத்த வேண்டாம் என்று முடிவெடுத்தது. விட்டுவிட்ட ஸ்டேஷன்கள் தெற்கிலும் மேற்கிலும் கருப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளில் இருந்தவை. அந்த மக்களில் கார் இல்லாதவர்களே அதிகம். ரயிலை நம்பித்தான் வேலை, ரயிலை நம்பித்தான் ஆஸ்பத்திரி. பூஜ்யத்துக்குக் கீழே போன குளிரில் மேடைமேல் நிற்கிறார்கள், ஜன்னல் வழியே வெள்ளை முகங்கள் தெரிய ரயில் நிற்காமல் போகிறது. அலுவலகத்தில் உட்கார்ந்து கால அட்டவணை போட்டவருக்கு அது வெறும் நேர மிச்சம். பிளாட்பாரத்தில் நின்றவருக்கு அது இரண்டு வருடத்துக்கு முன் பூட்டிய அதே கதவு.

பனி பெய்யும்போது, கொட்டுகிற பனியில் தொப்பி இல்லாமல் நின்று ஜேன் பர்ன் பேசும் ஒரு விளம்பரத்தை எடுத்தார்கள். செலவு மிகக் குறைவு. அவர் சொன்னது அவ்வளவு பெரிய விஷயமும் இல்லை, இந்த நகரத்தை இப்படி விட்டுவிட்டார்களே என்பதுதான். போதுமாக இருந்தது.

பிப்ரவரி 27 அன்று ஓட்டெடுப்பு. வானம் தெளிந்திருந்தது, ஓட்டுச்சாவடிக்கு மக்கள் திரண்டு வந்தார்கள். எட்டு லட்சம் ஓட்டுக்கு மேல் பதிவாகி, சுமார் 17,000 வித்தியாசத்தில் ஜேன் பர்ன் ஜெயித்தார். நூற்றுக்கு 51, 49. மெஷின் நிறுத்திய மேயரை அந்த மெஷினின் கோட்டையிலேயே ஒரு பெண் வீழ்த்தினார். வட பகுதியின் ஏரிக்கரை வார்டுகளில் இருந்த சுயேச்சை மனப்பான்மையுள்ள வெள்ளையர்களும் ஓட்டுப் போட்டார்கள். ஆனால் எண்ணிக்கையைத் திருப்பியது கருப்பின வார்டுகள். வருடக்கணக்கில் மெஷினுக்குக் கண்ணை மூடிக்கொண்டு கிடைத்துவந்த ஓட்டு அங்கே திரும்பிவிட்டது. அதனால்தான் சொல்கிறேன், பனி மட்டும் இல்லை. பனியை வார முடியாத நிர்வாகத்தை மக்கள் மன்னித்திருக்கலாம். யாரைத் தவிக்கவிடுவது என்று அது எடுத்த முடிவைத்தான் மன்னிக்கவில்லை. ஏப்ரல் 3 அன்று நடந்த பொதுத் தேர்தலில் அவருக்கு 82 சதவீதம் கிடைத்தது. ஏப்ரல் 16 அன்று பதவியேற்றார். அமெரிக்காவில் அதுவரை ஒரு பெண் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட நகரங்களில் மிகப் பெரியது சிகாகோதான்.

அப்புறம் என்ன ஆயிற்று?

பிரசாரத்தின்போது, நகரத்தைச் சுரண்டும் கெட்ட கும்பல் என்று சில ஆல்டர்மேன்களை அவர் சாடியிருந்தார். அதில் முதல் ஆள் எட்வர்ட் வர்டோலியாக். மேயரான கொஞ்ச காலத்திலேயே அவர்களோடு சமரசமாகிவிட்டார். அவர் தரப்பில் ஒரு நியாயம் இருந்தது. ஐம்பது பேர் சபையில் பெரும்பான்மை இல்லாமல் பட்ஜெட்கூட நிறைவேறாது, அவருக்கென்று சொந்த ஆட்கள் யாரும் இல்லை. இன்னொரு பயமும் இருந்தது. பெரிய டேலியின் மகன் ரிச்சர்ட் எம். டேலி எப்போது வேண்டுமானாலும் அப்பாவின் நாற்காலியைக் கேட்டு வருவார் என்று அவர் கணக்குப் போட்டார். அந்தக் கணக்கு தப்பில்லை. ஆனால் வர்டோலியாக்கைத் துணைக்கு அழைத்த நாளில், தன்னை ஜெயிக்கவைத்தவர்களை விட்டு ஒரு அடி விலகிவிட்டார். என் பார்வையில் அவர் வீழ்ச்சி அங்கேதான் தொடங்குகிறது.

முதல் குளிர்காலமே நெருப்பில் நிற்கிற மாதிரி ஆயிற்று. 1979 நவம்பரில் பள்ளி வாரியம் திவாலாகும் நிலைக்கு வந்தது, ஆசிரியர்களுக்குச் சம்பளம் போட முடியவில்லை. டிசம்பரில் போக்குவரத்து ஊழியர்கள் சில நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். புதிய வருடம் பிறந்ததும் ஆசிரியர்கள். பிப்ரவரி 14 முதல் தீயணைப்பு வீரர்கள் 23 நாள். எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் தருகிறேன் என்று தேர்தலில் அவரே சொல்லியிருந்தார், வந்த பிறகு இழுத்தடித்தார் என்பது அவர்கள் கோபம். ஒரே குளிர்காலத்தில் மூன்று வேலைநிறுத்தம் எந்த மேயரையும் உலுக்கியிருக்கும். டேலி காலத்துக் கடன்களும் கைகுலுக்கி முடித்த வாய்மொழி ஒப்பந்தங்களும் இவர் தலையில் விடிந்தன என்பதையும் சொல்ல வேண்டும். கைகுலுக்கியே விஷயத்தை முடிக்க டேலியால் முடிந்தது, அவர் போனதும் எல்லாரும் காகிதத்தில் கேட்டார்கள்.

அந்தக் காலத்துப் பத்திரிகைகளைப் படித்தால் எனக்குக் கோபம் வரும். அவருக்கு வைத்த பட்டப்பெயர்களே போதும். சட்டென்று கோபப்படுவார், சொன்னதை மாற்றுவார், அதிகாரிகளை அடிக்கடி மாற்றினார். இதெல்லாம் உண்மைதான். ஜனாதிபதி கார்ட்டரை ஆதரிப்பதுபோல் மேடையில் பேசிவிட்டு, சில நாளில் கட்சிக்குள் அவரை எதிர்த்து நின்ற எட்வர்ட் கென்னடி பக்கம் போனார். ஆனால் கத்துவதில் டேலி யாருக்கும் சளைத்தவர் இல்லை. அவர் கத்தினால் அது தலைமை, இவர் கத்தினால் அது கோளாறு. அந்த அளவுகோலை வைத்து அவர் ஆட்சியை எடைபோடுவது சரியில்லை. எடைபோட வேறு விஷயங்கள் இருக்கின்றன.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் காலியாகிவிடும் நகர் மையத்துக்கு மக்களைத் திரும்ப அழைத்துவந்தவர் அவர். ஏரிக்கரையில் ஜாஸ் விழா, தெருத்தெருவாக விழாக்கள். 1980 ஜூலை 4 அன்று மிச்சிகன் அவென்யூவில் நகரத்து உணவகங்களை எல்லாம் ஒரே தெருவில் கடைபோட வைத்தார்கள். ஒரு லட்சம் பேர் வருவார்கள் என்று எதிர்பார்த்து, இரண்டரை லட்சம் பேர் வந்தார்கள். 'டேஸ்ட் ஆஃப் சிகாகோ' என்ற அந்த விழா பிறகு நகரத்தின் அடையாளமாகவே ஆனது. டேலி சினிமாக்காரர்களை ஊருக்குள் அதிகம் விட்டதில்லை. ஜேன் பர்ன் கதவைத் திறந்துவிட்டார். டேலியின் பெயரைத் தாங்கிய அரசுக் கட்டடத்தின் கீழ்த்தளக் கண்ணாடிகளை உடைத்துக்கொண்டு கார் ஓடும் காட்சிக்கே அனுமதி கொடுத்தார். ஓஹேர் விமான நிலையத்துக்கு ரயில்பாதையை நீட்டும் வேலை அவர் காலத்தில் நடந்தது. 1982-இல் புதிதாகக் கைத்துப்பாக்கி பதிவுசெய்வதை நிறுத்தும் சட்டம் கொண்டுவந்தார். ஓரினச் சேர்க்கையாளர்களை நகரத்தின் குடிமக்களாக வெளிப்படையாக மதித்த முதல் சிகாகோ மேயரும் அவரே.

காப்ரினி-கிரீன் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நகர் மையத்துக்கு வடக்கே, கோடீஸ்வரர்கள் குடியிருந்த ஏரிக்கரையிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் இருந்த வீட்டுவசதி வாரியக் குடியிருப்பு அது. நம் ஊர் குடிசை மாற்று வாரிய அடுக்குமாடிகளைப் பதினைந்து மாடி, பத்தொன்பது மாடி உயரத்துக்குக் கட்டினால் எப்படியோ அப்படி. பல்லாயிரம் பேர், பெரும்பாலும் கருப்பின ஏழைக் குடும்பங்கள். லிஃப்ட் ஓடாது, விளக்கு எரியாது. 1981 தொடக்கத்தில் கும்பல் சண்டையில் இரண்டு மூன்று மாதத்துக்குள் பத்துப் பேர் அளவில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், பலர் காயமடைந்தார்கள். அங்கேயே குடியேறப்போகிறேன் என்று மேயர் அறிவித்தார். மார்ச் 31 அன்று கணவரோடு போய் நான்காம் மாடி வீடொன்றில் தங்கினார். சுமார் மூன்று வாரம்.

நாடகம் என்று அன்றும் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். நான் அப்படி மட்டும் சொல்லமாட்டேன். அவர் போனதும் போலீஸ் வந்தது, குப்பை அள்ளப்பட்டது, விளக்குகள் எரிந்தன, துப்பாக்கிச் சத்தம் அடங்கியது. அந்த மூன்று வாரம் குழந்தைகள் வெளியே விளையாடினார்கள் என்றால் அந்தத் தாய்மார்களுக்கு அது நாடகம் இல்லை. ஆனால் அங்கே குடியிருந்தவர்கள் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை: மேயர் வந்தால்தான் லிஃப்ட் ஓடுமா, போன பிறகு எங்களுக்கு யார்? அந்த ஏப்ரலில் அவர் ஈஸ்டர் கொண்டாட்டம் நடத்தியபோது எதிர்ப்புக் கோஷமும் எழுந்தது. நாட்கள் செல்ல, பழைய நிலைமை திரும்ப வந்தது.

இப்போது அந்த எடைபோட வேண்டிய விஷயம். மேயரின் நியமனங்களைத் தேதி வரிசையில் வைத்துப் பாருங்கள். 1979-இல் போலீஸ் துறைக்குத் தற்காலிகத் தலைவராக சாம் நோலன் என்ற கருப்பின அதிகாரி இருந்தார். நிரந்தரப் பதவி வந்தபோது அவரைத் தாண்டி ஒரு வெள்ளையரை நியமித்தார். 1981-இல் பள்ளி வாரியத்தில் இரண்டு கருப்பின உறுப்பினர்களின் இடத்தில் இரண்டு வெள்ளைப் பெண்களை உட்காரவைத்தார். இனக்கலப்புக்காக மாணவர்களை பஸ்ஸில் வேறு பள்ளிக்கு அனுப்புவதை எதிர்த்து அரசியலுக்கு வந்தவர்கள் அவர்கள். பள்ளிகளில் படித்தவர்களோ பெரும்பாலும் கருப்பினப் பிள்ளைகள். 1982 கோடையில் வீட்டுவசதி வாரியத்தில் மூன்று வெள்ளை உறுப்பினர்களை நியமித்து, அங்கிருந்த கருப்பினப் பெரும்பான்மையை உடைத்தார். வாரிய வீடுகளில் குடியிருந்தவர்களில் பெரும்பாலோர் யார் என்று சொல்லத் தேவையில்லை. முந்தின வருடம் அதே வாரியத்தின் மாடியில் தங்கிவிட்டு வந்தவர்தான் இதைச் செய்தார்.

ஏன் செய்தார்? கணக்குதான். டேலியின் மகன் வெள்ளை வார்டுகளின் ஓட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவார், அதைத் தடுக்க வேண்டும். கருப்பின மக்கள் வேறு எங்கே போய்விடுவார்கள் என்று நினைத்தார். பிலாண்டிக்கும் இதையேதான் நினைத்திருந்தார். நான்கு வருடத்துக்கு முன்னால் அந்த நினைப்பு என்ன ஆனது என்பதை நகரத்தில் வேறு யாரையும்விட நன்றாக அறிந்தவர் ஜேன் பர்ன். அவரே அதைச் செய்ததுதான் எனக்கு இன்றும் வருத்தம்.

அந்த ஆகஸ்டில் நடந்த 'சிகாகோஃபெஸ்ட்' விழாவைப் புறக்கணிக்கச் சொல்லி கருப்பின உரிமைப் போராட்டத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சன் அழைப்பு விடுத்தார். பாடகர் ஸ்டீவி வொண்டர் அங்கே நடத்தவிருந்த நிகழ்ச்சியை ரத்து செய்தார். மேயருக்குப் பெருமை சேர்த்த விழா மேடையே அவருக்கு எதிரான மேடையானது. அதோடு நிற்கவில்லை. தேவாலயங்களிலும், நிவாரணத் தொகை வாங்கும் வரிசைகளிலும், வானொலியிலும் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் இயக்கம் நடந்தது. ஒரு லட்சத்துக்கு மேல் புதிய கருப்பின வாக்காளர்கள் சேர்ந்தார்கள். அந்த எண்ணிக்கையைப் பார்த்த பிறகுதான், தயங்கிக்கொண்டிருந்த அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர், கருப்பினத்தவரான ஹெரால்ட் வாஷிங்டன் போட்டிக்கு வர ஒத்துக்கொண்டார்.

1983 பிப்ரவரி ஓட்டெடுப்பில் மூன்று பேர்: மேயர் ஜேன் பர்ன், இளைய டேலி, வாஷிங்டன். பர்னிடம் பணம் இருந்தது, ஒரு கோடி டாலர் அளவுக்குச் செலவழித்தார். விளம்பரங்களில் நிதானமான, புதிய ஜேன் பர்ன் தெரிந்தார். டிவி விவாதங்களில் வாஷிங்டன் எல்லாரையும் அசத்தினார். கடைசி வாரக் கடைசியில் வர்டோலியாக் தன் ஆட்களிடம், இது இனப் பிரச்சினை, டேலிக்குப் போடும் ஓட்டு வாஷிங்டனுக்குப் போடும் ஓட்டு என்கிற தொனியில் பேசியது வெளியே வந்துவிட்டது. முடிவு: வாஷிங்டன் 36 சதவீதம், பர்ன் 34, டேலி 30. வெள்ளை ஓட்டு இரண்டாகப் பிரிந்ததால்தான் வாஷிங்டன் வந்தார் என்று சொல்வார்கள். அது பாதிதான். 1979-இல் பர்னுக்கு விழுந்த கருப்பின ஓட்டு இருந்திருந்தால் யார் எப்படிப் பிரிந்தாலும் அவர் ஜெயித்திருப்பார். வாஷிங்டன் பொதுத் தேர்தலிலும் வென்று சிகாகோவின் முதல் கருப்பின மேயரானார்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1987-இல் வாஷிங்டனை எதிர்த்து நேருக்கு நேர் நின்று தோற்றார். தோற்றதும் அவருக்கே ஆதரவு தெரிவித்தார், அந்தப் பண்பு பாராட்ட வேண்டியது. அந்த நவம்பரில் வாஷிங்டன் அலுவலகத்திலேயே மாரடைப்பில் இறந்தார். 1988-இல் நீதிமன்ற எழுத்தர் பதவிக்கு நின்று தோல்வி. 1991-இல், அதற்குள் மேயராகிவிட்ட இளைய டேலியை எதிர்த்து நின்றதில் ஆறு சதவீதம்தான் கிடைத்தது. 1992-இல் தன் நினைவுகளைப் புத்தகமாக எழுதினார். அதே வருடம் கணவர் மெக்முல்லன் இறந்தார். இளைய டேலி 22 வருடம் மேயராக இருந்தார். அந்தக் காலம் முழுக்க ஜேன் பர்ன் பெயரில் நகரத்தில் ஒரு தெருப்பலகைகூட வைக்கப்படவில்லை. அவர் தொடங்கிய விழாக்களில் அவரை யாரும் நினைவுகூரவில்லை. இன்னொரு பெண் அந்த நாற்காலியில் உட்கார நாற்பது வருடம் ஆயிற்று, 2019-இல் லோரி லைட்ஃபுட். அவரும் 2023-இல் மறுதேர்தலில் தோற்றார். மக்கள் ஓட்டில் ஜெயித்து வந்த சிகாகோ மேயர் ஒருவர் மறுதேர்தலில் தோற்றது பர்னுக்குப் பிறகு அதுவே முதல் தடவை.

2014-இல்தான் மாநில அரசு விழித்துக்கொண்டது. நகர் மையத்துக்கு மேற்கே மூன்று பெரிய விரைவுச்சாலைகள் வந்து முட்டுகிற, தினமும் நெரிசலில் திணறுகிற சந்திப்புக்கு ஜேன் பர்ன் பெயர் வைத்தார்கள். பழைய தண்ணீர்க் கோபுரத்தைச் சுற்றியுள்ள சதுக்கத்துக்கும் அவர் பெயர் கிடைத்தது. ஆகஸ்ட் கடைசியில் நடந்த பெயர்சூட்டு விழாவுக்கு உடல் தளர்ந்த நிலையில் வந்திருந்தார். நவம்பர் 14 அன்று, 81-ஆம் வயதில் இறந்தார்.

அந்தச் சந்திப்பில் சேருகிற சாலைகளில் ஒன்று கென்னடி பெயரில் இருக்கிறது, அவரை அரசியலுக்குக் கொண்டுவந்த அதே கென்னடி. அது ஓஹேர் பக்கம் போகிறது, வழியில் அதன் நடுவே அவர் காலத்தில் நீட்டிய ரயில்பாதை ஓடுகிறது. டான் ரயன் என்ற இன்னொன்று தெற்குப் பகுதிக்குப் போகிறது, ஐசன்ஹோவர் என்ற மூன்றாவது மேற்குக்கு. அந்த இரண்டு சாலைகளின் நடுவிலும் ரயில் ஓடுகிறது, ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நின்று போகிறது.